ஞானஜோதி மேடை ஏறாத சனிக்கிழமை

சேலையூர் கேம்ப் ரோட்டில் திரும்பி மாடம்பாக்கம் பக்கம் கொஞ்ச தூரம் போனால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் பைக் மெக்கானிக் ஷெட்டுக்கும் நடுவில் ஞானஜோதியின் வீடு. முன்பக்கத்து ஹாலிலும் அதை ஒட்டிய ஷீட் போட்ட இடத்திலும் மெஸ் நடத்துகிறாள். சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் படிக்கும் வெளியூர்ப் பிள்ளைகள்தான் வாடிக்கை. மணிப்பூர், நாகாலாந்து, அந்தமான் என்று எங்கிருந்தோ வந்து, முதல் மாதம் சாம்பாரைப் பார்த்து முகம் சுளித்து, மூன்றாம் மாதம் கூட ஒரு கரண்டி கேட்கிற பிள்ளைகள். கணவன் சவுரிமுத்து தாம்பரத்துக்கும் அகரம்தென்னுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மா இறந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம்பி சாலமனைத்தான் பிள்ளை மாதிரி வளர்த்தாள்.

அநியாயம் என்று பட்டுவிட்டால் ஞானஜோதிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒருமுறை கண் தெரியாத ஒருவரை ஏற்றாமல் பஸ் நகர்ந்தபோது, காய்கறிப் பையோடு போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அந்த மனிதர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நகர்ந்தாள்.

அவளுடைய மெஸ்ஸுக்குப் பர்மாவிலிருந்து வந்த பெண் தியல். இந்தியாவின் மிசோரத்தை ஒட்டிய மலைப்பகுதிக்காரி, கிறிஸ்தவப் பெண். பி.ஏ. படிக்க வந்தாள். அவள் இங்கே இருக்கும்போதே அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவள் ஊர் எரிந்தது. அம்மா காட்டுக்குள் ஓடினாள். அண்ணன் ராணுவத்தை எதிர்க்கும் படையில் சேர்ந்துவிட்டான். திரும்பிப் போக ஊர் இல்லாததால் தியல் எம்.ஏ.விலும் சேர்ந்தாள். சாயங்காலங்களில் சமையற்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே இதையெல்லாம் சொன்னாள். நாலு வருஷத்தில் தமிழ் பிடிபட்டிருந்தது.

"நம்ம கவர்மென்ட் இதக் கேக்கவே இல்லையா?" என்றாள் ஞானஜோதி.

"இன்னாத்த கேக்கும்?" என்றான் சவுரிமுத்து. "நம்மளாண்ட எம்மாம் பெரிய பார்டர் கீது அவங்களோட. இந்தப் பக்கம் நாம மொறச்சுக்கினா, அந்தப் பக்கம் சீனாக்காரன் போயி தோள்ல கை போட்டுக்குவான். நாடுன்னா அப்படித்தான், ஜோதி."

"அதுக்காக கொலைகாரன் தோள்ல நாம கை போடணுமா?"

"போட்டுத்தான் ஆவணும். பேஜாரான வேலைதான், இன்னா பண்றது."

அவளுக்கு அது ஒத்துவரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று கையெழுத்து வாங்கத் தொடங்கினாள். தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்றாள். யாரோ ஒரு மாணவன் அவள் பேசுவதை வீடியோ எடுத்துப் போட்டான். அதில் அவள் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சொல்கிறாள்: "அவன்கிட்ட நீங்க வியாபாரம் பண்ணுங்க, பார்டர் விஷயம் பேசுங்க, எனக்குத் தெரியாது. ஆனா ஜனங்க மேல குண்டு போடறவன் கையப் புடிச்சு குலுக்கிகினு, சிரிச்சுகினு போட்டோ எடுத்துக்காதீங்க. எங்க பேர்ல அதச் செய்யாதீங்க." பர்மாக்காரப் பிள்ளைகள் அதற்குத் தங்கள் மொழியில் சப்டைட்டில் போட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றியது.

இதற்கு நடுவில் சாலமனின் கால் சென்டர் வேலை போயிற்று. பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை, இங்கிலீஷ் தெரிந்தால் போதும் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். பொங்கல் முடிந்து கிளம்பினான். முதல் வாரம் ஏர்போர்ட் போட்டோ, ரோட்டோரக் கடை போட்டோ எல்லாம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நீங்க பேசாதீங்க. கேளுங்க." சாலமன் குரல்தான். வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "நான் தாய்லாந்துல இல்ல. ஒரு ஆத்தைத் தாண்டி கூட்டிகினு வந்துட்டாங்க. இது பர்மா. சுத்தி காம்பவுண்டு, துப்பாக்கி வச்சிருக்காங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு பொம்பள பேர்ல மெசேஜ் அனுப்பி ஏமாத்தணும். செய்யலன்னா கரன்ட் வைக்கிறாங்க. யார்கிட்டயாச்சும் சொல்லுங்கக்கா."

லைன் போய்விட்டது. கையில் குழம்புக் கரண்டியோடு நின்றவளை, சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே பார்த்தார்கள். தியல்தான் எழுந்து வந்து கரண்டியை வாங்கினாள்.

அடுத்து வந்த நாட்களில் ஞானஜோதி போகாத அலுவலகம் இல்லை. போலீஸ், கலெக்டர் ஆபீஸ், வெளிநாடு வாழ் தமிழர்களுக்கான அலுவலகம். எல்லாரும் தகவல் எழுதிக்கொண்டார்கள். சாலமனிடமிருந்து அதன்பிறகு போன் வரவில்லை. அடுப்பில் வைத்ததை மறந்து தீய்த்தாள். எந்தப் போன் அடித்தாலும் ஓடிப்போய் எடுத்தாள்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒரு வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு. பேசியவர் பர்மாவில் உள்ள நம் தூதரகத்து அதிகாரி. தமிழ்க்காரர், நிதானமான குரல். ஞானஜோதி அவரைப் பிறகு போனில் 'எம்பஸி சார்' என்றுதான் பதிவு செய்துகொண்டாள்.

"மேடம், உங்க தம்பி இருக்கிற இடம் தெரிஞ்சுடுச்சு. அந்த ஏரியா ஒரு மிலிஷியா, அதாவது தனி ஆயுதப் படை ஒண்ணு, அது கையில இருக்கு. அவங்க ராணுவத்தோட கூட்டாளி. ரெண்டு தரப்போடவும் பேசிட்டிருக்கோம். அடுத்த வாரம் நம்ம ஆளுங்கள்ல கொஞ்சம் பேர விட ஒத்துக்கிட்டிருக்காங்க. சாலமன் பேரையும் கொடுத்திருக்கோம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார்.

"இன்னொரு விஷயம் மேடம். உங்க வீடியோ பார்த்தேன்."

"எது சார்?"

"கை குலுக்காதீங்கன்னு பேசினது. இங்கயும் சுத்துது. நான் பார்த்திருக்கேன்னா அவங்களும் பார்த்திருப்பாங்க. சனிக்கிழமை தாம்பரத்துல ஒரு கூட்டம் இருக்கு, நீங்க தலைமைன்னு போஸ்டர் வந்திருக்கு."

ஆமாம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஹால். பர்மா ராணுவ அரசின் அமைச்சர் ஒருவர் டெல்லிக்கு வருகிற வாரம் அது. தியல் தன் ஊருக்கு நேர்ந்ததைப் பேசுவதாகவும், ஞானஜோதி தலைமை தாங்குவதாகவும் ஏற்பாடு. பத்திரிகைக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் சொன்னதுல எதனா பொய் இருக்கா சார்?"

"இல்ல மேடம். ஒரு வார்த்தை கூட இல்ல."

"அப்ப?"

"சாலமனோட அக்கா யாருன்னு அவங்க இப்ப தேடிப் பார்க்காம இருந்தா நல்லதுன்னு நினைக்கிறேன். அவ்வளவுதான். பேசாதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சொல்லவும் இல்ல."

ஞானஜோதி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நீங்க அவங்க கையக் குலுக்குறீங்களா சார்?"

"நேத்து குலுக்கினேன். நாளைக்கும் குலுக்குவேன். உள்ள நம்ம பசங்க நிறைய பேர் இருக்காங்க மேடம்."

அன்று அவள் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். சவுரிமுத்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "பையன் மொதல்ல வூட்டுக்கு வரட்டும்" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை தியலிடம் சொன்னாள். காய்ச்சல் என்று சாக்குச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

தியல் பாத்திரம் துலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

"அக்கா வரமாட்டீங்க."

"வரல தியலு. தப்பா எடுத்துக்காத. அவர் சொல்றது சரின்னுதான் படுது. அவன் உயிரு..."

"எங்க அம்மாவும் இதான் செய்வாங்க. அக்கா வர வேணாம். ஆனா சரின்னு சொல்லாதீங்க." தியல் வார்த்தையைத் தேடினாள். "முடியலன்னு சொல்லுங்க. அத நான் ஒத்துக்குவேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஞானஜோதி வீட்டிலேயே இருந்தாள். சவுரிமுத்துதான் தியலை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டான். விட்டுவிட்டு உடனே வந்துவிடுவான் என்று நினைத்தாள். இருட்டிய பிறகுதான் வந்தான்.

"எங்க போன?"

"அங்கதான் கடைசி வரிசையில குந்திகினு கேட்டேன்." செருப்பைக் கழற்றினான். "ஊர்ல குண்டு போட்டப்போ சர்ச்சுக்குள்ள இன்னா நடந்துச்சின்னு சொல்லிச்சு. யாரும் மூச்சு விடல."

"என்னப் பத்தி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. போஸ்டர்ல உன் பேரு கீதே. அக்காவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிச்சு. உனக்காண்டி அந்தப் பொண்ணு பொய் சொல்லிச்சு, ஜோதி."

அதற்குப் பிறகு வந்த வாரம்தான் மிக மோசமானது. குறித்த நாளில் யாரையும் விடவில்லை. எம்பஸி சாருக்குப் போன் செய்தால், "பேச்சு நின்னு போகல மேடம், பொறுங்க" என்றார். ஆற்றோரம் சண்டை நடப்பதாகச் செய்தி வந்தது. வாயை மூடியதும் வீண், தம்பியும் போய்விட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தால் ஜெபம் வரவில்லை. தியல் வழக்கம்போல வந்து பூண்டு உரித்தாள். உரித்ததை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பிறகு ஒரு காலையில் போனில் ஒரு வீடியோ வந்தது. மண் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சீருடைக்காரனும், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு இந்தியரும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். கேமராவைப் பார்த்து இருவரும் லேசாகச் சிரிக்கிறார்கள். பின்வரிசையில், தலை மொட்டையாக, கன்னம் ஒட்டிப்போய், சாலமன்.

அவள் அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவராகத்தான் இருக்க வேண்டும். நாற்பது வயதிருக்கும். சிரிப்பு கண்ணுக்கு எட்டவில்லை.

மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய சாலமனைக் கட்டிக்கொண்டபோது கையில் எலும்புதான் தட்டுப்பட்டது. வீட்டுக்கு வந்தும் கதவைப் பார்த்த மாதிரியே உட்கார்ந்தான். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகச் சாப்பிட்டான். இரண்டு நாள் கழித்துத்தான், தியலும் இருக்கும்போது, பேச ஆரம்பித்தான்.

"என் பக்கத்து பெட்டுல ஆப்பிரிக்கா பையன் ஒருத்தன். அவன் நாட்டுக்கு அங்க எம்பஸியே கிடையாது. நம்ம ஆளுங்க வந்து பேர் கூப்பிட்டாங்க. அவன் பேர யாரும் கூப்பிடல. நான் கேட்டைத் தாண்டும்போது பின்னாடியிருந்து என் சட்டையப் புடிச்சான். நான் உதறிட்டு வந்துட்டேங்கா."

ஞானஜோதி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீடியோவுல வந்த கண்ணாடிக்காரன்," என்றாள் தியல், "அவன்தான் உங்கள விட்டானா?"

"பூட்டி வச்சதும் அவன் ஆளுங்கதான். தெறந்து விட்டதும் அவன்தான். தெறக்கும்போது மட்டும் போட்டோ எடுத்தாங்க."

ஞானஜோதிக்கு எம்பஸி சார் மேல் இருந்த நன்றி குறையவில்லை. அவர் அந்தக் கையைப் பிடிக்காவிட்டால் சாலமனும் அந்த ஆப்பிரிக்கப் பையனோடுதான் இருந்திருப்பான். அதை யார் இல்லையென்று சொன்னாலும் சண்டைக்குப் போவாள். ஆனால் அந்த வீடியோவை அவள் இன்னொரு தரம் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் தியலின் பாஸ்போர்ட் காலாவதியானது. புதுப்பிக்க வேண்டுமென்றால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டு விலாசம், குடும்பத்தார் விவரம் எல்லாம் தர வேண்டும். எதிர்ப்புப் படையில் இருக்கும் அண்ணனை நினைத்து அவள் பயந்தாள். பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே விசா நீட்டிக்க வழியில்லை.

ஞானஜோதி எம்பஸி சாரைக் கூப்பிட்டாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"என் கையில இருக்கிற விஷயம் இல்ல மேடம். ஆனா டெல்லியில ரெண்டு பேர்கிட்ட சொல்றேன். மனிதாபிமான அடிப்படையில நீட்டிச்சுக் கொடுக்கறது உண்டு. சத்தமில்லாம நடக்கிற வேலை அது. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு பேர் எங்கயும் வராம இருந்தா நல்லது."

ஞானஜோதி ஓடிப்போய் தியலிடம் சொன்னாள். அடுத்த வாரம் சென்னையில் ஒரு பெரிய அரங்கில், வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் முன்னால், தியல் பேச ஒத்துக்கொண்டிருந்தாள்.

"அத விட்டுடு தியலு. ரெண்டு மாசம் சும்மா இரு. பொறவு பேசிக்கலாம்."

"பேசுவேன் அக்கா."

"உனக்கு இன்னா பைத்தியமா? நீ பேசறதால அங்க குண்டு போடறது நின்னுடப் போவுதா? உன் பேர் யார் கண்ணுலயும் படாம இருந்தாத்தான் அவங்க உதவ முடியும். நாடுன்னா அப்படித்தான்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அது சவுரிமுத்துவின் வார்த்தை. அந்த வார்த்தைக்காக அவனோடு எத்தனை நாள் சண்டை போட்டிருப்பாள்.

தியல் எழுந்து நின்றாள்.

"அக்கா வாய் மூடினீங்க, தம்பிக்கு கதவு திறந்துச்சு. சந்தோஷம். நான் தினமும் ஜெபம் பண்ணேன் அவனுக்கு. நான் வாய் மூடினா எனக்கு விசா கிடைக்கும். எங்க அம்மாவுக்கு என்ன கிடைக்கும்? அம்மா காட்டுல இருக்காங்க. அவங்களுக்காக கை குலுக்க ஒருத்தரும் இல்ல. பேச நான் மட்டும்தான் இருக்கேன்."

"போ! போய்ப் பேசு! நாளைக்கு உன்னப் புடிச்சு பிளேன்ல ஏத்தி அவன்கிட்டயே அனுப்புவாங்க, அப்பத் தெரியும்!"

தியல் போய்விட்டாள். ஞானஜோதி அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். பயத்தில்தான் கத்தினாள். ஆனால் அந்தப் பிள்ளையிடம் போய் அதைச் சொல்லிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அரங்கத்துக்கு அவளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. சாலமனும் கூட வந்தான். தியல் பேசினாள். கேள்வி நேரத்தில் ஞானஜோதி எழுந்தாள். மைக்கைப் பிடிக்கவும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் பிடித்துக்கொண்டார்.

"இது என் தம்பி. பர்மாவுல மாட்டிகினு இருந்தவன். நம்ம ஆபீசருங்க அந்த ஆளுங்களோட கை குலுக்கித்தான் இவன மீட்டாங்க. அதுக்கு நான் உசுரு இருக்கற வரைக்கும் நன்றி சொல்வேன். பேசாதேன்னு யாரும் என்னச் சொல்லல, ஆனா நான் பேசல. பயந்தேன். இந்தப் பொண்ணு பயப்படல. நம்ம நாடு யாரோட கை குலுக்கணுமோ குலுக்கட்டும். ஆனா நம்மள நம்பி வந்த புள்ளய அந்தக் கையில புடிச்சுக் குடுத்துடக் கூடாது. எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல."

அவள் உட்கார்ந்தாள். தியல் மேடையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விசா நீட்டிப்பு வரவில்லை. மறுத்தும் எழுதவில்லை. பேச்சினால் நின்றதா, இல்லாவிட்டாலும் நின்றிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எம்பஸி சார் ஒருமுறை கூப்பிட்டு, "முயற்சி பண்ணேன் மேடம்" என்றார். அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. விசா முடியும் நாள் நெருங்கியதும் தியல் ஒரு முடிவுக்கு வந்தாள். மிசோரம் போய்விடுவது. அந்த மாநிலத்து ஜனங்களும் அவள் வம்சம்தான்; எல்லை தாண்டி வந்த அவள் இனத்தார் ஆயிரக்கணக்கில் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள்.

அசாம் போகும் ரயில் தாம்பரத்திலிருந்தே கிளம்பும். மூன்று பேரும் ஏற்றிவிடப் போனார்கள். பிளாட்பாரத்தில் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் பெட்டி பெட்டியாக ஏறி அடையாள அட்டை கேட்டுக்கொண்டு வந்தார். ஞானஜோதி ஜன்னலோரமாக நெருங்கி நின்றாள். விசா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் காலாவதியான பாஸ்போர்ட்டை அவர் புரட்டிப் பார்த்தால்?

தியல் கல்லூரி அடையாள அட்டையை நீட்டினாள். போலீஸ்காரர் அதைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "நாகாலாந்தாம்மா?"

தியல் வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று ஞானஜோதிக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்குத் தனக்காகப் பொய் சொல்ல வராது.

"எங்க மெஸ்ல சாப்புடற பொண்ணு சார்," என்று சவுரிமுத்து குறுக்கே புகுந்தான். "லீவுக்குப் போவுது. ரெண்டு நாள் டிரெயின்ல தனியாப் போவுதே, பொண்ணுங்க இருக்கற பக்கமா சீட்டு மாத்தித் தர முடியுமா சார்?"

"அதெல்லாம் டி.டி.ஆர் கிட்ட கேளுப்பா," என்று அவர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

ரயில் நகரும்போது தியல் ஜன்னல் கம்பி வழியே கை நீட்டி ஞானஜோதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா அன்னைக்கு பேசினது எங்க ஊர் பாஷையில போட்டிருக்காங்க. அம்மா இருக்கற இடத்துல நெட் வந்தா பாப்பாங்க." ஞானஜோதி பெட்டியோடு சேர்ந்து நடந்தாள். பிளாட்பாரம் முடியும்முன் பிடி விட்டுப்போனது.

இப்போது தியல் மலை மேல் ஒரு முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். சாலமன் கோவிலம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறான். மதியத்தில் எப்போதாவது தியலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வரும். போன வாரம் வந்ததை ஞானஜோதி மெஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி போட்டாள்.

"அக்கா, இங்க வேடிக்கையா இருக்கு. மேல டெல்லியில இருந்து எங்கள திருப்பி அனுப்புன்னு சொல்றாங்க. இந்த ஊர் ஜனங்க அரிசி கொண்டு வந்து கொடுக்கறாங்க, எங்க ரத்தம்னு சொல்றாங்க. யார் பேச்சு ஜெயிக்கும்னு தெரியல. நான் நல்லா இருக்கேன்."

சவுரிமுத்து சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். "அந்த ஜனங்க எத்தினி நாளைக்கு வச்சுக் காப்பாத்துவாங்க, ஜோதி?"

"தெரியலைய்யா," என்றாள். மெசேஜை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.